பட்டியல் போயிற்று, பொறுப்பு வந்தது

ஆய்விதழ்களின் தரத்துக்குச் சான்றாக இருந்த 'கேர்' பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டது. எந்த இதழில் எழுதலாம், எதில் எழுதலாகாது என்பதை இனி அந்தந்த உயர்கல்வி நிறுவனமே முடிவு செய்ய வேண்டும். இம்முடிவை நாம் குறைகூறவில்லை. 'கேர்' பட்டியலுக்கு முந்தைய பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களைக் குழுவே நீக்க நேர்ந்ததை நாடு கண்டது. நாம் கேட்பது ஒன்றே: இறக்கி வைக்கப்பட்ட இப்பொறுப்பை ஏற்கும் தகுதியுடையவர் யார்? கல்லூரி நூலகர் என்பதே நம் விடை.

ஆய்வு மாணவி ஒருவருக்கு மின்னஞ்சல் வருகிறது. பன்னாட்டு ஆய்விதழாம்; சில ஆயிரம் ரூபாய் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியாகுமாம். அவர் அதை நூலகரிடம் காட்டுகிறார். நூலகர் முதலில் பார்க்க வேண்டியது, பாரிசிலுள்ள பன்னாட்டு ஐஎஸ்எஸ்என் மையத்தின் தளம். இதழின் எட்டிலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணை அங்கே இட்டால் பதிவான பெயர் தெரியும். பெயர் வேறாக இருந்தால் எண் களவாடப்பட்டது. பெயர் பொருந்தினாலும் இதழ் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் மெய்ப்பிப்பதில்லை. நம் கல்லூரிகள் பலவற்றில் சோதனை இங்கேயே நின்றுவிடுவதுதான் வேதனை. நற்பெயர் பெற்ற இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே பூண்டு, போலித் தளம் நடத்திப் பணம் பறிப்போர் இருக்கிறார்கள். அத்தகைய கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியலை 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' என்னும் வலைத்தளம் 2022 முதல் எவரும் காணும்படி வைத்திருக்கிறது. 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டிஓஏஜே என்னும் அடைவில், திறந்த அணுக்க இதழ்கள் 20,000க்கு மேல் ஆராய்ந்து சேர்க்கப்பட்டுள்ளன. இவை யாவும் கட்டணமின்றிக் கிடைப்பவை.

மேற்கோள் காட்டும் கட்டுரைகளையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும். பிழையாலோ மோசடியாலோ மீளப்பெறப்பட்ட கட்டுரைகள் 50,000க்கு மேல் பதிவான தரவுத்தளத்தை கிராஸ்ரெஃப் நிறுவனம் 2023இல் விலைக்கு வாங்கி, உலகுக்குத் திறந்துவிட்டது. மேற்கோள்களைத் தொகுக்க உதவும் இலவச மென்பொருளான சொடேரோ, அத்தகைய கட்டுரை ஆய்வாளரின் தொகுப்பில் இருந்தால் சிவப்புக் குறியிட்டு எச்சரிக்கும். இவ்வசதியை அறியாமலே ஆய்வேட்டை முடித்துவிடுவோர் இன்னும் இருக்கின்றனர்.

தமிழாய்வு இதழ்களின் நிலை வேறு. உலக அடைவுகளில் காணப்படவில்லை என்பதற்காக ஒரு தமிழ் இதழ் போலியாகிவிடாது. பன்னாட்டு இதழென்று அட்டையில் அச்சிட்டதற்காக மெய்யானதும் ஆகிவிடாது. இங்கே தளங்கள் துணைவாரா. இதழைத் தொடர்ந்து வாசித்து, பதிப்பாசிரியர் யார், கட்டுரைகளை மதிப்பிடுவோர் யார் என்று விசாரித்து அறிந்த நூலகரின் சொல்லே அளவுகோல். அதைக் கேட்கும் வழக்கம் துறைகளில் அருகிவிட்டது. நூலகரைப் புத்தகக் காவலராகவே கருதும் மனப்பான்மை, நூலகவியல் அறிஞர் இராமாமிர்த அரங்கநாதன் பிறந்த மண்ணுக்குப் பெருமை தருவதன்று.

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒன்றிய அரசு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. வரவேற்க வேண்டிய செயல். ஆனால் நல்ல இதழ்களுக்கு வழி திறந்ததால் தீய இதழ்களின் தூண்டில் ஓய்ந்துவிடவில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணிப் பார்க்கும் முறை நீடிக்கும்வரை ஓயவும் ஓயாது.

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆய்வறம், வெளியீட்டறம் பற்றிய பாடத்தை மானியக் குழு ஏற்கெனவே கட்டாயமாக்கியுள்ளது. போலி இதழ்களை இனங்காணுதல் அப்பாடத்தின் ஒரு பகுதி. அவ்வகுப்புகளைப் பல்கலைக்கழகங்கள் நூலகர்களிடமே ஒப்படைக்க வேண்டும். இதழ்களை மதிப்பிடும் குழு ஒவ்வொன்றிலும் நூலகருக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். காலியான நூலகர் பணியிடங்களை மாநில அரசுகள் நிரப்ப வேண்டும். சந்தாத் திட்டத்தின் இப்போதைய காலம் 2027உடன் முடிகிறது. அடுத்த ஒதுக்கீட்டில் நூலகர் பயிற்சிக்கெனத் தனி நிதி இடம்பெறல் வேண்டும்.