ஓடுவானேன்?

மாணவர்களே, குண்டலுபேட்டையிலிருந்து மைசூருக்குப் பேருந்தில் செல்கையில் நஞ்சன்கூட்டைச் சற்றே கடக்கும் தொலைவை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ அதுவே மாரத்தான் தொலைவு, 42 கிலோமீட்டர். கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் அத்தொலைவை நாள்தோறும் ஓடினார். அதுவும் செயற்கைக் காலுடன்.

எலும்புப் புற்றுநோயால் 1977இல் அவருடைய வலக்கால் அகற்றப்பட்டது. மருத்துவமனையில் பிற நோயாளிகள் படும் துன்பத்தைக் கண்டவர், ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரலில் ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவவே ஓட்டம் நின்றது. மறு ஆண்டு, 22 வயதில் மறைந்தார்.

சென்னையில் அவர் பெயரால் ஓட்டம் நடத்தப்பட்டுள்ளது. அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும் அந்நகரில்தான் உள்ளது. தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய நிலையம் அது.

“பணத்தை நேரே கொடுத்துவிடலாமே, ஓடுவானேன்?” என்பர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் வீடுகளில் இந்நோயின் பெயரைத் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறோம். என் வீட்டிலும் அப்படித்தான். மறைப்பதால் மருத்துவரிடம் செல்வதும் தாமதமாகிறது. வங்கிவழி அனுப்பும் பணம் எவரையும் கேள்வி கேட்கவைப்பதில்லை. தெரு நிறைய மக்கள் ஓடினாலோ, “எதற்கப்பா ஓடுகிறார்கள்?” என்று பாட்டி கேட்பார். பேரன் நோயின் பெயரைச் சொல்லித்தான் விடை கூற வேண்டும்.