வாகனத்தைத் தடுத்தால் காற்று சுத்தமாகிவிடுமா?

குளிர்காலம் வந்தால் டெல்லியில் வாகனக் கட்டுப்பாடு செய்தியாகிவிடுகிறது. அது தலைநகரத்தின் பிரச்சினை என்று திருப்பூர்க்காரர்களான நாம் கடந்துவிட முடியாது. பல்லடம் சாலையில் ஷிப்டுக்கு பைக்கில் போகும் சகோதரரும், ஓரத்தில் பள்ளி வேனுக்குக் காத்து நிற்கும் பிள்ளையும் சுவாசிப்பது லாரிப் புகையைத்தான்.

கண்ணுக்குத் தெரியும் புகையைவிடத் தெரியாத நுண்துகளே ஆபத்தானது. பிஎம் 2.5 எனப்படும் இது, தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் அடிவரை சென்று ரத்தத்திலும் கலந்து, இதயத்தையும் பாதிக்கிறது. இதற்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்போ 40.

வாகனங்களைத் தடுத்தால் இது குறையுமா? 2016 ஜனவரியிலும் ஏப்ரலிலும் டெல்லி அரசு, ஒற்றைப்படை எண் கார்கள் ஒரு நாள், இரட்டைப்படை எண் கார்கள் மறுநாள் என்று ஓடவிட்டுப் பார்த்தது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்கில், ஜனவரியில் பகல்நேர நுண்துகள் 10 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஏப்ரலில் பலன் தெரியவில்லை. குளிரில் புகை தரையோடு தேங்கி நிற்கும். வெயில் காலத்தில் மேலெழுந்து கலைந்துவிடும் என்பது ஒரு காரணம்.

இன்னொரு செய்தியும் உண்டு. டெல்லியில் வாகனங்கள் கக்கும் நுண்துகளில் லாரிகளின் பங்கு சுமார் 46 சதவீதம், இருசக்கர வாகனங்களின் பங்கு 33, கார்களின் பங்கு 10 என்று கான்பூர் ஐஐடி கணக்கிட்டது. அந்தத் திட்டம் கட்டுப்படுத்தியதோ கார்களை மட்டும்!

திருப்பூருக்கான பாடம் இதில்தான் இருக்கிறது. காதர்பேட்டை சந்துகளில் பனியன் மூட்டை ஏற்றும் டெம்போக்கள், தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பும் கன்டெய்னர்கள் என, சரக்கை நம்பி வாழும் ஊர் இது. தொழிலாளியின் பைக்கைத் தடுத்தால் அவர் வேலைக்குப் போவது எப்படி? பள்ளி நேரத்தில் கனரக வாகனங்களை நகருக்குள் விடாமல் இருப்பது, ஷிப்ட் நேரத்துக்குக் கூடுதல் பேருந்துகள் விடுவது, சாலைப் புழுதியை அகற்றுவது ஆகியவையே முதலில் கேட்க வேண்டியவை.

சாலையோடு விஷயம் முடிவதுமில்லை. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பின், சாயக்கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமானது. நொய்யலுக்கு அது தேவையான தீர்ப்பு. ஆனால் கழிவுநீரை ஆவியாக்க நீராவி வேண்டும். பாய்லர்கள் பலவற்றில் எரிவது விறகு. ஆற்றைக் காக்கச் செய்யும் வேலை காற்றில் புகையாகிவிடக் கூடாது. அந்தப் புகைபோக்கிகளையும் கண்காணிக்க வேண்டும்.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். முள்ளும் கல்லும் மட்டுமா தொல்லை? நம் வண்டிக்குப் புகைச் சோதனை செய்வதும், நம் கம்பெனி பாய்லரைச் சரிவரப் பராமரிப்பதும் நம் கையில் இருக்கின்றன. மற்றதை மஹல்லா ஜமாஅத்துகள் மாநகராட்சியிடம் ஒன்றாகக் கேட்கட்டும். காற்று எல்லோருக்குமானது, அதற்கான குரலும் அப்படியே இருக்கட்டும்.