தனி பெஞ்சு யாருக்கு?

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. தூக்குவாளியோடு ஏறும் காலனிப் பெண்கள் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது வீட்டில் இருக்கும் பாட்டிகளின் பொறுப்பு.

அப்படி ஒரு பாட்டி சென்ற மாதம் என்னிடம் சொன்னார்: "எம் பேத்திய தனி பெஞ்சுல உக்கார வச்சிட்டாக தம்பி. ஸ்பெஷல் பிள்ளையாம். கூடப் படிக்கிற பிள்ளைகளும் பேரச் சொல்றதில்ல, ‘ஸ்பெஷலு’ன்னுதான் கூப்பிடுதுக."

ஐந்தாம் வகுப்பு படிக்கும் அந்தச் சிறுமியிடம் பேசினேன். அம்மாவின் ஆறு நாள் கூலியில் கடைப் பாக்கியும் குழுக் கடன் தவணையும் போக மீதி எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்கிறாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் இடம் மாறுகின்றன. ஒரு வரியை முடிப்பதற்குள் கண் கலங்கிவிடுகிறது. அது அறிவுக் குறைவு அல்ல. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். ஆனால், அதை இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதனை இல்லாமலேயே பெஞ்சு மட்டும் மாறிவிட்டது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து, ஏற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்கிறது 16ஆவது பிரிவு. எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிக்கும் உள்ளடங்கிய கல்விதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. பிரித்து உட்கார வைக்கச் சொல்லி அதில் எங்கும் இல்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? வாசிக்கத் திணறும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. ஒருவருக்கு உண்மையிலேயே கற்றல் குறைபாடு இருக்கும். இன்னொருவர் காய் எடுப்புக் காலத்தில் தாயோடு கேரளத் தோட்ட லயத்தில் தங்கி, பல மாதப் பாடங்களை இழந்தவராக இருப்பார். மூன்றாமவருக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியாது. தேவை ஒரு கண்ணாடி. மூவருக்கும் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே பெயர் சூட்டி, ஒரே மூலையில் அமர்த்தினால் மூவருக்கும் பயன் இல்லை. போடியின் கிடங்குகளில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து அளவு வாரியாகப் பிரிப்பார்கள். பிள்ளைகளை அப்படிப் பிரிக்க முடியாது.

பிரித்த பிறகும் இழப்பு தொடர்கிறது. தனியே உட்காரும் நேரத்தில் வகுப்பில் நடக்கும் பாடம் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு இடைவெளி கூடுகிறது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரோ தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு அலைகிறார். வாரத்தில் அவர் வராத நாட்களே அதிகம். "இவ்வளவுதான் இவளால் முடியும்" என்ற எண்ணம் ஆசிரியருக்கு வருகிறது, பிறகு பிள்ளைக்கும் வந்துவிடுகிறது.

சாதியும் இங்கே சேர்ந்துகொள்கிறது. காலனிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்ற பழைய வசைக்கு இப்போது ஒரு நாகரிகமான பெயர் கிடைத்திருக்கிறது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. செக் குடியரசின் ஒஸ்ட்ராவா நகரில், ஒடுக்கப்பட்ட ரோமா இனப் பிள்ளைகள் அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளுக்குப் பெருமளவில் அனுப்பப்பட்டார்கள். 18 பிள்ளைகள் தொடுத்த வழக்கில், அது இனப் பாகுபாடே என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்பளித்தது. சோதனை நடத்தப்பட்டது, பெற்றோர் சம்மதித்தார்கள் என்ற அரசின் வாதங்களை அது ஏற்கவில்லை.

அப்படியானால் சிறப்புக் கல்வியே வேண்டாமா? வேண்டும். கற்றல் குறைபாட்டுச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. சென்னையின் வசதியான குடும்பங்கள் அதைக் கேட்டுப் பெறுகின்றன. நம் பாட்டிக்கோ அப்படி ஒரு சான்று இருப்பதே தெரியாது. முகாமைத் தவறவிட்டால் க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை பஸ் மாறிப் போக வேண்டும். அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். ஆக, அங்கே உரிமையாக இருப்பது இங்கே வெறும் முத்திரையாகிவிடுகிறது.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனிக்கவனம் எப்படிச் செலுத்துவது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். உச்ச நீதிமன்றமும் அதைத்தான் பார்த்தது. தொடக்க வகுப்புகளில் சிறப்புக் கவனம் தேவைப்படும் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் சொன்னது. அதற்கான பணியிடங்களை அறிவித்து நிரப்பும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. நிரந்தரப் பணியிடங்களை நிரப்ப வேண்டியது அரசின் கடமை.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். என் பிள்ளையை யார், எப்போது சோதித்தார்கள்? கண்ணும் காதும் பார்த்தாயிற்றா? தனியே கற்பித்த பிறகு எந்தத் தேதியில் மற்றவர்களோடு சேர்ப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அந்தத் தெருவில் கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகள் எழுதிக் கொடுங்கள்.

அந்தச் சிறுமிக்கு இன்னும் மூன்று ஆண்டுகள்தான் இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு பள்ளி கசந்துவிட்டால், விடியுமுன் கிளம்பும் ஜீப்பில் அவளுக்கும் ஓர் இடம் காத்திருக்கிறது. அங்கே அவளை யாரும் ஸ்பெஷல் என்று சொல்ல மாட்டார்கள்.