வெளுப்பைக் கடையில் வாங்கலாமா?

கடையில் தொங்கும் புத்தம் புதிய ஜீன்ஸ் கால்சட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தொடையில் வெள்ளைக் கோடுகள் ஓடும். முழங்கால் வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கும். சிலவற்றில் கிழிசல்கூட உண்டு. இன்னும் ஒருவர்கூட அணியாத துணி எப்படித் தேய்ந்தது? நம்மில் பலர் விலைச் சீட்டைப் புரட்டிப் பார்ப்போமே தவிர, இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இன்னொரு வகை ஜீன்ஸும் உண்டு. தறியிலிருந்து இறங்கி, தைக்கப்பட்டு, ஒருமுறைகூடத் தண்ணீரில் துவைபடாமல் விற்பனைக்கு வருவது. 'ரா டெனிம்' என்பார்கள். கருநீலமாய், கஞ்சி விறைப்போடு, சுவரோரம் நிறுத்தினால் தானே நிற்கும் போலிருக்கும். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் 1905-இல் தொடங்கிய ஒயிட் ஓக் ஆலை இத்தகைய துணிக்குப் பேர்போனது. 2017 இறுதியில் அது மூடப்பட்டது. ஜப்பானில் ஒகாயாமா மாகாணத்துக் கோஜிமாவில் பழைய நாடாத் தறிகளை ஓட்டி, அந்தக் காலத்து அமெரிக்கத் துணியைப் போலவே நெய்கிறார்கள். இதை வாங்குகிறவர்கள் தாமே ஊறவைத்துச் சுருக்கி, மாதக்கணக்கில் அணிந்து, தம் நடமாட்டத்தாலேயே வெளுக்க வைக்கிறார்கள்.

இது வெறும் மோகம் என்று சிரிப்பவர்கள் உண்டு. மோகமும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டில் எது என்று கேட்டால் என் வாக்கு ரா டெனிமுக்கே. அதற்குப் பாதிக் காரணம் இயற்பியல். மறுபாதி, துருக்கி நாட்டுத் தொழிலாளிகளின் நுரையீரல். இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் நிறம். டெனிம் துணியில் பாவு நூல் மட்டுமே நீலம். ஊடை நூல் வெள்ளை. ஊடை நூல் மூன்று பாவுகளுக்கு அடியில் சென்று ஒன்றின் மேல் எட்டிப் பார்க்கும். ஆகவே வெளிப்பக்கம் நீலமும் உட்பக்கம் வெள்ளையும் மிகுந்து தெரிகின்றன. அந்த நீலம் அவுரி நீலம். 'இண்டிகோ' என்ற அதன் மேனாட்டுப் பெயரிலேயே நம் நாட்டின் பெயர் ஒளிந்திருக்கிறது. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு செடிச் சாயம் சந்தையை இழந்தது. இன்றைய ஜீன்ஸில் இருப்பது பெரும்பாலும் செயற்கைச் சாயமே. இரண்டிலும் நீல மூலக்கூறு ஒன்றுதான்.

அவுரி தண்ணீரில் கரையாது. கரையாத பொருளை நூலில் எப்படி ஏற்றுவது? சோடியம் டைதயோனைட் போன்ற ஒடுக்கும் பொருளோடு காரக் கரைசலில் அவுரியைச் சேர்த்தால், அது ஒடுக்கமடைந்து, மஞ்சளும் பச்சையுமான கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. நூலை அதில் முக்கி மேலே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மறுபடியும் நீலமாக்கிவிடுகிறது. பச்சை நூல் கண்ணெதிரே நீலமாவது, வேதியியல் வகுப்பில் ஆக்சிஜனேற்றம் என்று எழுதிப் படித்ததை நேரில் காட்டும் காட்சி. இப்படிப் பலமுறை முக்கியெடுத்தாலும் சாயம் நூலின் நடுவரை போவதில்லை. வெளி வளையத்திலேயே தங்கிவிடுகிறது. பழைய ஜீன்ஸிலிருந்து ஒரு நீல நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரியும். வண்ணம் பூசிய பென்சிலைச் சீவினால் மரம் தெரிவது போலத்தான். ஜீன்ஸ் வெளுப்பதற்கு முதற்காரணம் சாயம் தண்ணீரில் கரைவது அன்று. நூலின் மேல்தோல் உரிவது.

அடுத்தது சுருக்கம். ரா டெனிமை வெந்நீரில் ஊறவைத்தால் நீளவாட்டில் 10 சதவீதம் வரை சுருங்கக்கூடும். அதாவது 34 அங்குலக் கால் ஏறத்தாழ 31 அங்குலமாகிவிடும். உடனே, 'நனைந்ததும் பஞ்சு இழை குறுகுகிறது' என்று சொல்லத் தோன்றும். உண்மையில் இழை குறுகுவதில்லை, பருக்கிறது! பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஈர்க்கின்றன. இழை குறுக்குவாட்டில் நன்றாக உப்புகிறது. அதன் நீளமோ அநேகமாக அப்படியே இருக்கிறது.

இழை பருத்தால் துணி ஏன் சுருங்க வேண்டும்? தோட்டத்தில் வரிசையாகச் சன்னக் கழிகளை நட்டு, அவற்றினூடே முன்னும் பின்னுமாக ஒரு கயிற்றைச் செலுத்தியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது கழிகளுக்குப் பதில் பருத்த கம்பங்கள். கயிறு வளைந்து செல்ல வேண்டிய வழி கூடிவிட்டது. கயிறோ நீளாது. கம்பங்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்தால்தான் முடியும். கயிறு பாவு, கம்பங்கள் ஊடை. போதாததற்கு, தறியில் இழுத்துக் கட்டப்பட்டபோது பாவு நூலில் தங்கிய இழுவிசையும் நனைந்ததும் தளர்கிறது. நீளவாட்டில் சுருக்கம் அதிகமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

காய்ந்த பிறகு இழை மெலிந்துவிடுகிறது. அப்படியானால் துணி பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டாமா? திரும்பாது. நூல்களை மறுபடியும் விலக்கி நீட்ட அங்கே எந்த விசையும் இல்லை. உராய்வு அவற்றைப் புதிய இடத்திலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. இடுப்பில் மட்டும் அந்த விசை உண்டு, நம் வயிறு! அதனால்தான் துவைத்த அன்று மூச்சைப் பிடித்துப் பொத்தான் போட வைக்கும் இடுப்புப் பகுதி இரண்டொரு நாளில் தளர்ந்து கொடுக்கிறது. குறுகிய கால் குறுகியபடியே நிற்கிறது. அமெரிக்கரான ஸான்ஃபோர்டு குளூயட் 1930-ஐ ஒட்டி இதற்கு ஒரு வழி கண்டார். நீட்டிய தடித்த பட்டையின் மேல் ஈரத் துணியைப் பதித்து, பட்டையைத் தளரவிட்டால் துணியும் அதனோடு நெருங்கிக் குறுகிவிடும். சுருங்க வேண்டியதை ஆலையிலேயே சுருக்கிவிடும் இந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்தது. இன்று நாம் வாங்கும் ஜீன்ஸ் பெரும்பாலும் இப்படிப் பதப்பட்டதே.

இனி வெளுப்புக்கு வருவோம். இரு பரப்புகள் உரசும்போது தேயும் அளவு, அழுத்தும் பாரத்தையும் நழுவும் தூரத்தையும் பொறுத்துப் பெருகும் என்று பிரிட்டிஷ் அறிஞர் ஆர்ச்சர்டு 1953-இல் ஒரு விதி தந்தார். இயந்திர உறுப்புகளின் உரசலுக்காகச் சொல்லப்பட்ட அந்த விதி துணிக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும் வழிகாட்டும். துணி மடியும் இடத்தில் முகடு மட்டுமே வெளிப்பொருள்களை உரசுகிறது, பள்ளம் பதுங்கிக்கொள்கிறது. முகடு வெளுக்கிறது, பள்ளம் கருநீலமாகவே இருக்கிறது. முழங்காலின் பின்புறம் தேன்கூடு போன்ற கட்டங்களும், இடுப்புக்குக் கீழே பூனை மீசை போன்ற கோடுகளும் பிறப்பது இவ்வாறே. சைக்கிளில் போகிறவருக்கு இருக்கையில் படும் இடம் வெளுக்கும். தரையில் சம்மணமிட்டு உட்காருகிறவருக்குக் கணுக்கால் பக்கம். பையில் கைபேசி வைப்பவருக்கு அதன் நான்கு ஓரங்களும் படம்போல் பதியும். எத்தனை மணி நேரம், எவ்வளவு பாரம், எந்த இடத்தில் என்று ஓர் ஆண்டின் அளவீடுகள் அந்தத் துணியில் எழுதப்பட்டுவிடுகின்றன.

இப்போது கடையில் தொங்கிய ஜீன்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பூனை மீசை உண்டு, தேன்கூடு உண்டு. ஆனால் எவரும் உட்காரவில்லை, நடக்கவில்லை. தனி ஊசலை ஆட்டாமலே, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரும்படி அட்டவணையை நிரப்பிக் கொண்டுவரும் மாணவரை எல்லாச் செய்முறை ஆசிரியர்களும் அறிவார்கள். எண்கள் அழகாகத்தான் இருக்கும். அத்தகைய பதிவேட்டுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

துவைக்காமை பற்றியும் ஒரு வார்த்தை. ரா டெனிம் பிரியர்கள் சிலர் ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று துவைக்கவே மறுப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. துவைத்தால் மடிப்புகள் கலைந்துபோகும். தளர்ந்து நிற்கும் சாயம் பள்ளங்களிலிருந்தும் உதிரும். முகட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு மங்கும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் தம் ஜீன்ஸை 15 மாதம் துவைக்காமல் அணிந்தார். 2011-இல் அதில் பாக்டீரியாக்களைக் கணக்கிட்டார்கள். பிறகு துவைத்து, 13 நாள் அணிந்து மறுபடி கணக்கிட்டார்கள். இரண்டு எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்று! இதை எடுத்துக்காட்டித் துவைக்கவே வேண்டாம் என்று வாதிடுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: ஓர் ஆள், ஒரு ஜீன்ஸ், அதுவும் குளிர்நாட்டில். அதைக் கொண்டு பொது விதி எழுத முடியாது. மேலும், வியர்வையின் உப்பும் தெருப் புழுதியும் நூல்களுக்கிடையே புகுந்து அரம்போல் அறுக்கும். கவட்டுப் பகுதி முதலில் கிழிவது அதனால்தான். உறைபெட்டியில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் சரியன்று. பல பாக்டீரியாக்கள் உறைநிலையைத் தாங்கி, சூடு வந்ததும் விழித்துக்கொள்ளும். நாற்றம் வந்தால் உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெளுப்பு கொஞ்சம் குறைந்தால் குடி முழுகிவிடாது.

சரி, ஆலையில் வெளுப்பை எப்படி வரைகிறார்கள்? நுரைக்கல்லோடு சேர்த்துப் பெரிய உருளையில் சுழற்றுவது ஒரு முறை. குறிப்பிட்ட இடம் மட்டும் வெளுக்க வேண்டுமானால், அழுத்திய காற்றோடு மணலைத் துணிமீது பீய்ச்சினார்கள். இங்கேதான் துருக்கி வருகிறது. மணல் என்பது பெரும்பாலும் படிக வடிவச் சிலிக்கா. வேகமாக மோதும் மணல் நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத தூளாகிறது. ஸ்டோக்ஸ் விதியைப் படித்தவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: துகளின் ஆரம் பத்தில் ஒன்றானால், காற்றில் அது கீழே இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். பெரிய மணல் தரையில் விழுந்துவிடும். தூளோ மணிக்கணக்கில் மிதக்கும். சில மைக்ரான் அளவே உள்ள தூள் மூக்கின் மயிர்களுக்கும் சளிக்கும் தப்பி நுரையீரலின் காற்று நுண்ணறை வரை போகும். அதை விழுங்க வரும் வெள்ளணுக்களே அதனால் அழிகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் விரிந்து கொடுக்காது. சிலிக்கோசிஸ் எனும் இந்நோய்க்குக் குணமில்லை.

சுரங்கங்களிலும் கல்லுடைப்பிலும் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு வரும் நோய் என்றே இது அறியப்பட்டிருந்தது. துருக்கியில் சன்னலில்லாத சிறு பட்டறைகளில், தக்க முகமூடி இல்லாமல் மணல் பீய்ச்சிய இளைஞர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே வந்தது. கிழக்கிலுள்ள பிங்கோல் போன்ற ஏழை மாகாணங்களிலிருந்து இஸ்தான்புலுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் அவர்கள். பலர் இருபதுகளைத் தாண்டாதவர்கள். துருக்கி மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 145 பேரில் 77 பேருக்கு நோய் இருந்தது. 2011-இல் மீண்டும் அவர்களைத் தேடிச் சென்றபோது 9 பேர் இறந்திருந்தார்கள். துருக்கி 2009-இல் இந்த முறையைத் தடை செய்தது. லீவை ஸ்ட்ராஸ், எச் அண்ட் எம் நிறுவனங்கள் 2010-இல் கைவிடுவதாக அறிவித்தன. ஆயினும் பங்களாதேஷ் பட்டறைகளில் அது தொடர்வதாக 2012-இல் அறிக்கை வந்தது. ஒரு நாட்டில் தடை வந்தால் வேலை அடுத்த நாட்டுக்கு இடம் பெயர்கிறது.

இதில் எனக்கு ஆறாதது ஒன்று. 1873-இல் ஜேகப் டேவிஸ் என்ற தையற்காரரும் லீவை ஸ்ட்ராஸும் செப்புக் குடையாணி பதித்த கால்சட்டைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பை கிழிகிறது என்று உழைப்பாளிகள் முறையிட்டதால், விசை குவியும் மூலையில் ஆணியடித்து அதைப் பரப்பினார் டேவிஸ். தேயாமலும் கிழியாமலும் இருக்கப் பிறந்த உடை! அதைத் தேய்ந்ததாகக் காட்டவா இத்தனை மூச்சுகள் போயின?

'இப்போது லேசர் வந்துவிட்டதே' என்பீர்கள். நல்ல கேள்வி. அகச்சிவப்பு லேசர் கதிர் நூலின் மேற்பரப்பிலுள்ள சாயத்தை மட்டும் எரித்து நீக்குகிறது. மணல் தூள் இல்லை. வரவேற்கிறேன். ஆனால் எல்லா ஆலைகளிலும் லேசர் இல்லை. பல இடங்களில், நம் சோதனைச்சாலைப் பியூரெட்டில் ஊற்றும் அதே பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைக் கையால் தெளித்துத் துணியை வெளுக்கிறார்கள். அந்தத் தெளிப்பும் மூச்சுக்கு நல்லதன்று. துணியில் தைத்த சீட்டைப் பாருங்கள். எத்தனை சதவீதம் பருத்தி, எந்தச் சூட்டில் இஸ்திரி போடலாம் என்றெல்லாம் இருக்கும். எப்படி வெளுத்தார்கள் என்று இராது.

ரா டெனிம் விலை அதிகம் என்பதும் சரியே. கோஜிமாவிலிருந்து வருவதை மாணவர்கள் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாடாத் தறிக் கரையும் ஜப்பானிய முத்திரையும் சிலருக்கு அந்தஸ்துச் சின்னம். வெளுப்பை யார் அதிகம் வெளுத்தார் என்று போட்டிகூட நடத்துகிறார்கள். அதெல்லாம் நமக்கு வேண்டாம். எந்தக் கடையிலும் வெளுக்காத அடர்நீல ஜீன்ஸ் கிடைக்கும். பலசமயம் வெளுத்ததைவிட மலிவாகவே கிடைக்கும். கலப்பு இழை குறைவாகவும் பருத்தி மிகுதியாகவும் உள்ளதாகப் பார்த்து அதை எடுங்கள். மற்றதை உங்கள் முழங்கால் பார்த்துக்கொள்ளும்.

கடைக்குப் போகும்போது ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். வெளுத்த ஜீன்ஸ் ஒன்றை அணிந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தொடையைக் கவனியுங்கள். துணி மடியும் இடம் ஒன்று, வெள்ளைக் கோடு இருக்கும் இடம் வேறொன்று. இரண்டுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதி அனுப்புங்கள்.