நீர்க்குமிழி காக்கும் மூச்சு



1963ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த அப்பாலகன் பாட்ரிக், மூச்சுத்திணறலால் இரண்டு நாள் நிறையுமுன்னே மரித்தான். நாடாளும் தந்தையாலும் அவனைக் காக்க இயலவில்லை. இன்றோ அந்நோயுற்ற குழந்தைகளுள் பலர் எளிய கருவியொன்றால் பிழைக்கின்றனர்.

நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் ஒரு பொருள் நிறைமாதத்தில் போதிய அளவு சுரந்துவிடுகிறது. குறைமாதச் சிசுவுக்கு அது போதாது. ஒவ்வொரு மூச்சிலும் அறைகள் மூடிக்கொள்ள, அவற்றைத் திறந்து திறந்தே சிசு களைத்துப்போகிறது. மூச்சு வெளிவரும்போதும் சிறிது அழுத்தம் நிலைத்திருந்தால் அறைகள் மூடா என்று 1971இல் ஜார்ஜ் கிரகரி குழுவினர் காட்டினர். 'சிபாப்' என்னும் இம்முறைக்குப் பிற்காலத்தில் மூக்கில் பொருத்தும் சிறு குழாயே போதுமென்றாயிற்று. குழாயின் மறுமுனையை நீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழ்த்தினால், அவ்வளவு நீரின் அழுத்தம் நுரையீரலைத் தாங்கி நிற்கும்.

குமிழியிடும் நீரைக் கண்டு, "பச்சைப் பிள்ளையை ஏன் வதைக்கிறீர்கள்? வீட்டுக்குக் கொண்டுபோவோம்" என்று பெரியவர்கள் கலங்குவதுண்டு. கலங்க வேண்டா. இக்குழாய் தொண்டைக்குள் செல்வதில்லை. மூச்சுவிடுவது குழந்தையே, கருவி அதற்கு ஊன்றுகோல் மட்டுமே. சில குழந்தைகளுக்கு இதுவும் போதாமல் மேற்சிகிச்சை தேவைப்படலாம். பிராணவாயு மிகுந்தால் குறைமாதக் குழந்தையின் கண்ணுக்குக் கேடு என்பதால், மருத்துவர் குறிக்கும் நாளில் கண் பரிசோதனையும் தவறலாகாது.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மக்களாகிய நாம் கருதவேண்டியது காலத்தின் அருமையையே. ஏழாம், எட்டாம் மாதத்தில் நோவு கண்டால் சூட்டுவலி என்று கஷாயம் கொடுத்துக் காத்திருத்தல் ஆகாது. குழந்தையின் நுரையீரலை முதிர்விக்கும் ஊசியைப் பிரசவத்துக்கு முன்பே தாய்க்குப் போடவேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, 1985இல் தோன்றி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் சிதம்பரம் இராஜா முத்தையா மருத்துவமனைக்கோ 108 வண்டியில் விரைவதே அறிவுடைமை. பிறந்த பின் கொண்டுசெல்வதினும் கருவிலிருக்கையில் கொண்டுசெல்வதே சிசுவுக்கு நலம். ஞானஸ்நானத்துக்கெனவும் தாமதிக்க வேண்டா. சாவாபத்தில் செவிலியரும் அதைக் கொடுக்கலாம்.

'ஏழு மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதப் பிள்ளை பிழைக்காது' என்னும் பழம்பேச்சில் உண்மையில்லை. கருவில் தங்கும் ஒவ்வொரு வாரமும் சிசுவுக்கு ஆதாயமே. ஆகவே எட்டு மாதமென்று கேட்டு நம்பிக்கை இழந்து, எந்தக் குழந்தையையும் பாதிச் சிகிச்சையில் வீட்டுக்குத் தூக்கிவர நாம் உடன்படலாகாது.