முதல்ல கால்வாய், அப்புறம் ரோடு!
2022 பிப்ரவரியில் நடந்த நகராட்சித் தேர்தலில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், 'குழாய் போடறேன், லைட்டு போடறேன்' என்றார்கள். ஒரு பெண்மணி மட்டும், 'ரோட்டை உசத்திக்கிட்டே போனா மழைத்தண்ணி வீட்டுக்குள்ளதான் வரும். முதல்ல கால்வாய், அப்புறம் ரோடு' என்றார். 'ஜெயிக்கிறவங்களுக்குப் போடு' என்றார் என் கணவர். நான் அந்த அம்மாவுக்குத்தான் போட்டேன். அவர் ஜெயிக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு வீண் இல்லை.

மதுராந்தகம் ஏரி நிரம்பினால் உபரி நீர் போகக் கிளியாறு இருக்கிறது. நம்ம தெருத் தண்ணிக்கு வழி வேண்டாமா? 1992-ம் வருட 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கென்று பட்டியலிட்ட 18 பணிகளில் முதலாவதே நகரத் திட்டமிடல்தான்!

சகோதரிகளே, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம், 'தண்ணி எந்த வழியா போகும்?' என்று கேளுங்கள். வீட்டுக்குள் வந்தால் இறைத்து ஊற்றப்போவது நாம்தானே?

- ஓர் இல்லத்தரசி, மதுராந்தகம்.