அழிவுக்குப் பின் எடுக்கப்படும் அளவா ‘அடிப்படை நிலை’?

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களின் முதியவர்கள், துளையிட்ட கிணற்றிலிருந்து எஞ்சின் இல்லாமலே நீர் பொங்கி வழிந்த காலத்தை நினைவுகூர்வதுண்டு. ஆர்ட்டீசியன் ஊற்று நிறைந்த பகுதி அது. இன்று அதே ஊர்களில் பல நூறு அடிக்குக் குழாய் இறக்கித் தண்ணீர் தேட வேண்டியுள்ளது. நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தது, எப்போது தாழ்ந்தது, யாரால் தாழ்ந்தது என்று உழவர் கேட்டால், முந்தைய நிலைக்குச் சான்று காட்டும் சுமை அவர் தலையிலேயே விழுகிறது. அந்தச் சான்றை உருவாக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை மட்டும் அதிகார வர்க்கம் எழுப்புவதில்லை.

சுரங்கம் தோண்டும் முன் அந்நிலத்தின் காற்று, நீர், மண், உயிரினங்கள், மக்களின் வாழ்வு ஆகியவை இருந்த நிலையைப் பதிவு செய்வதே ‘அடிப்படை நிலை’ ஆய்வு. பின்னால் நேரும் ஒவ்வொரு சேதமும் இந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கப்படும். எனவே கோட்டை எங்கே கிழிப்பது, யார் கிழிப்பது என்பது வெறும் தொழில்நுட்பப் பிரச்சனை அன்று. அது வர்க்கப் பிரச்சனை.

நெய்வேலி கற்பிக்கும் பாடம்

நெய்வேலி நிறுவனம் 1956 நவம்பரில் தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். சோவியத் யூனியனின் உதவியுடன் அங்கே அனல்மின் நிலையம் எழுந்தது. பொதுத்துறையின் பெருமைமிக்க சாதனை அது. அதைத் தனியாருக்குத் தாரைவார்க்கும் முயற்சிகளைத் தொழிலாளி வர்க்கம் தொடர்ந்து எதிர்த்து வந்திருக்கிறது.

ஆனால் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பேரழுத்தத்துடன் நீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே பிளந்துவிடும். பொறியாளர்கள் இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். சுரங்கத்துக்குத் தேவையான அளவுகள் எடுக்கப்பட்டன. சுற்றுப்புற ஊர்களின் கிணற்றையும் வயலையும் காற்றையும் பதிவு செய்யும் சட்டக் கடமையோ அன்று எவருக்கும் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது 1994 ஜனவரியில்தான். அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீர் இறைக்கப்பட்டுவிட்டது.

ஒவ்வொரு விரிவாக்கத்தின்போதும் புதிதாக ஓர் ‘அடிப்படை நிலை’ எடுக்கப்படுகிறது. ஏற்கெனவே தாழ்ந்துபோன நீர்மட்டமும் சாம்பல் படிந்த மண்ணும் அதில் ‘தற்போதைய இயல்பு நிலை’ ஆகிவிடுகின்றன. பழைய சேதம் கணக்கிலிருந்து துடைக்கப்படுகிறது. புதிய சேதமோ சிறிதாகக் காட்டப்படுகிறது.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளர்ந்து நின்ற நெற்பயிர் இயந்திரங்களால் அழிக்கப்பட்டதை நாடே கண்டது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கண்ணெதிரே அழிந்த பயிருக்கு விலை நிர்ணயிக்க முடிந்தது. பதிவேட்டில் இல்லாத நிலத்தடி நீருக்கு எந்த நீதிமன்றம், எதை வைத்து விலை நிர்ணயிக்கும்?

மழையை விலக்கிய அளவு

நடைமுறை இன்னும் மோசமானது. ஆய்வு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதற்குப் பணம் தருவதும் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே. பத்து கிலோமீட்டர் சுற்றளவில், மழைக்காலம் நீங்கலான ஒரு பருவத்தில், ஏறத்தாழ மூன்று மாதம் மாதிரி எடுத்தால் போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. கடலூர் மாவட்டத்திலோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் பரவனாறு கரைபுரள்கிறது. சுரங்க நீரும் சாம்பலும் பெருமாள் ஏரி நோக்கி நகர்கின்றன. ஊர் மூழ்கும் மாதங்களை விட்டுவிட்டு ஊரின் நிலையை அளப்பது அறிவியலா?

அளந்ததையேனும் மக்கள் படிக்க முடிகிறதா? பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு வரும் முழு அறிக்கை ஆங்கிலத்தில். தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும். அட்டவணைகளும் ஆய்வு முடிவுகளும் உழவருக்கு எட்டாத மொழியில் பூட்டப்படுகின்றன. இம்மதிப்பீட்டு முறையையே நீர்த்துப்போகச் செய்யும் 2020ஆம் ஆண்டு வரைவு அறிவிக்கை முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியானது. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் அதனை வெளியிடுமாறு டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

தீவுகளிலும் அதே சூது

நிலக்கரி இல்லாத அந்தமான் நிகோபார் தீவுகளிலும் இதே முறைதான். நடு அந்தமானை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒட்டுப்பலகை ஆலைக்காகப் பல்லாண்டுகள் மரம் வெட்டப்பட்டது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீவுகளின் மரவெட்டுக்குக் கடிவாளமிட்டது. பின்னர் அதே லாங் ஐலண்டை நிதி ஆயோக் சுற்றுலா விடுதித் திட்டப் பட்டியலில் சேர்த்தது. அங்கு இனி எடுக்கப்படும் எந்த அளவும் வெட்டுக்குத் தப்பி எஞ்சிய காட்டையே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளும். லாபம் ஈட்டியவர்கள் வெளியேறிவிட்டனர். இழந்த காடு எந்தக் கணக்கிலும் வராது.

கிரேட் நிகோபாரில் 130 சதுர கிலோமீட்டர் காட்டை விழுங்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் ஒன்றிய அரசு அனுமதி தந்தது. மூன்று பருவத் தரவு தேவைப்படும் இடத்தில் ஒரு பருவத் தரவே எடுக்கப்பட்டது என்ற ஆட்சேபத்தைப் பசுமைத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரல் உத்தரவில் குறிப்பிட்டு, மறுபரிசீலனைக் குழு அமைத்தது. ஷோம்பென் பழங்குடியினரும் தோல்முதுகுக் கடலாமைகளும் வாழும் தீவுக்கு ஒரு பருவம் போதுமாம்!

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. பணியைத் தொடங்கிய பிறகு அனுமதி பெறும் முறை சட்டவிரோதம் என்று 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று 2:1 பெரும்பான்மையில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. தோண்டிய பின் அனுமதி என்றால், தோண்டிய பள்ளமே அடிப்படை நிலையாகிவிடும்.

வளர்ச்சிக்கு எதிரியா?

இவற்றைக் கேட்பவர்களை ‘வளர்ச்சியின் எதிரிகள்’ என்கின்றனர். நிரந்தரத் தொழிலாளியை ஒப்பந்தத் தொழிலாளிக்கு எதிராகவும், இருவரையும் நிலம் இழந்த உழவருக்கு எதிராகவும் நிறுத்துவதே இப்பிரச்சாரத்தின் நோக்கம். முதலாளித்துவ உற்பத்தி மண்ணையும் உழைப்பாளியையும் ஒருசேரச் சூறையாடுகிறது என்று மார்க்ஸ் மூலதனத்தில் விளக்கியுள்ளார். சுரங்கத்தில் தூசியைச் சுவாசிக்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் வற்றிய கிணற்றடியில் நிற்கும் உழவரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர். பொதுத்துறையைக் காக்கும் போராட்டமும் நீரைக் காக்கும் போராட்டமும் ஒன்றையொன்று வலுப்படுத்த வேண்டியவை.

அடிப்படை நிலை ஆய்வைத் திட்ட நிறுவனத்தின் பணப்பையிலிருந்து விடுவித்து, அரசுப் பல்கலைக்கழகங்களிடமும் பொது ஆய்வு அமைப்புகளிடமும் ஒப்படைக்க வேண்டும். மழைக்காலம் உட்பட ஓராண்டு முழுவதும் அளவெடுக்க வேண்டும். முழு அறிக்கையையும் தமிழில் தந்து, கிராம சபையில் வாசித்து விவாதிக்க வேண்டும். பழைய சுரங்கங்களில் 1957 முதலான நீர் இறைப்புப் பதிவேடுகளை வெளியிட்டு, இழப்பை அங்கிருந்து கணக்கிட வேண்டும்.

கிளைகள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊரிலும் கிணற்றின் ஆழத்தை மாதந்தோறும் அளந்து, கிராம சபைத் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். நாளை சான்று எங்கே என்று அதிகாரிகள் கேட்கும்போது, உழவரின் கையில் அந்த ஏடு இருக்கட்டும்.